ஐந்நூறு ஏக்கர் ஆறு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆற்றைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது எந்த ஆறு என்று கேட்டேன். உங்களுக்குப் பிடித்த ஆறு என்றார்கள். பகாங், பேராக் என்று பெரிய ஆறுகள் இருக்கும்போது நான் எடுத்துக்கொண்டு வந்திருப்பது வரைபடத்தில் பெயர்கூட இல்லாத ஓர் ஓடை. மலேசியாவின் உலு சிலாங்கூரில், களும்பாங் பக்கம், நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் ஓடுவது. அகலம் இரண்டு மீட்டர். மழை இல்லாத நாளில் இறங்கினால் முழங்கால் நனையாது. ரப்பர் பாலைக் கொண்டுவந்து சேர்க்கும் பால் ஸ்டோருக்குப் பின்னால் ஓடியதால் நாங்கள் அதை ஸ்டோர் ஆறு என்போம். ஸ்டோரை இடித்துப் பல வருடம் ஆகிறது. பெயர் மட்டும் போகவில்லை.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நான் படித்து, வடிகால் நீர்ப்பாசன இலாகாவில் சேர்ந்து, முப்பது வருடம் மழைமானியும் ஆற்றுமட்டமும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊர் ஊராகப் பிறர் ஆற்றை அளந்தவன், சொந்த ஆற்றை அளந்தது பென்ஷன் வாங்கிய பிறகுதான்.

முதலில் ஒரு வரைபடத்தை விரித்து வைத்து உட்கார்ந்தேன். மலை வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்த்து வளைவு வளைவாகக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகள் ஓடையைத் தாண்டும் இடத்தில் ஆங்கில வி எழுத்து போல மடங்கும். வி-யின் முனை எப்போதும் ஓடை வரும் மேட்டுப் பக்கத்தைப் பார்க்கும். முதுகுமேட்டில் அதே மடிப்பு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். மடிப்பு திரும்பும் மேடுகளையெல்லாம் பென்சிலால் இணைத்துக்கொண்டே போனால், கோடு சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்துவிடும். அந்தக் கோட்டுக்குள் விழும் மழை என் ஓடைக்கு. ஒரு முழம் தள்ளி விழுந்தால் அது வேறு ஓடையின் சொத்து. இதைத்தான் நீர்ப்பிடிப்பு என்கிறோம். என் பென்சில் கோட்டுக்குள் இருந்தது ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டர். தோட்டத்து ஆட்களுக்கு ஏக்கரில் சொன்னால்தான் புரியும்: ஐந்நூறு ஏக்கர்.

இரண்டு மீட்டர் அகல ஓடைக்கு ஐந்நூறு ஏக்கர் நிலம். எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

அந்தக் கோட்டின் தெற்குப் பக்கத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. களும்பாங்குக்கும் கெர்லிங்குக்கும் நடுவே நிலம் கொஞ்சம் மேடு கட்டி நிற்கும். பழைய ஈப்போ சாலையில் காரில் போகிறவர்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். மேட்டின் இந்தப் பக்கம் விழும் மழை வடக்கே திரும்பி பெர்னாம் ஆற்றுக்குப் போகிறது. அந்தப் பக்கம் விழுவது கெர்லிங் ஆற்றில் இறங்கி சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறது. பெர்னாம்தான் பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் எல்லை. அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியைக் கீழே தடுத்துத் திருப்பி, கால்வாய் வழியாகத் தெங்கி ஆற்றுக்குக் கொண்டுபோய், தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். சிலாங்கூர் ஆறோ கோலாலம்பூரையும் சிலாங்கூரையும் சேர்த்தால் அங்குள்ள குடிநீரில் பாதிக்கும் மேல் கொடுக்கிறது. ஒரே மேகத்தில் வந்த இரண்டு துளி. ஒன்று செகிஞ்சானில் சோறாகிறது, இன்னொன்று கோலாலம்பூர் அடுக்குமாடியில் ஒருவர் பல் விளக்கப் போகிறது. நம் ஸ்டோர் ஆறு சோற்றுப் பக்கம்.

சரி, அளந்த கதைக்கு வருகிறேன். போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். கருவி ஒன்றும் கிடையாது. ஒரு எலுமிச்சம்பழம், அளவு நாடா, கைத்தொலைபேசியில் நேரம் பார்க்கும் வசதி. நேராக ஓடும் இடமாகப் பார்த்துக் கரையில் பத்து மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டோம். மேல் குச்சிக்கு நேராகப் பழத்தைப் போட்டான். எலுமிச்சை பெரும்பகுதி தண்ணீருக்குள் மூழ்கித்தான் மிதக்கும், காற்று தள்ளிவிடாது. அதனால்தான் எலுமிச்சை. பத்து மீட்டரைக் கடக்க 25 வினாடி. ஐந்து தடவை போட்டோம், ஒரு தடவை பழம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை மட்டையில் சிக்கிக்கொண்டு வரவே இல்லை. அப்புறம் குறுக்கே ஆழம் பார்த்தோம். சராசரி 30 சென்டிமீட்டர். அகலத்தை ஆழத்தால் பெருக்கி, வேகத்தால் பெருக்கி, மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடுவதால் 0.85-ஆல் பெருக்கிக் குறைத்தால், வினாடிக்குச் சுமார் 200 லிட்டர் வந்தது.

"தாத்தா, மழையே பெய்யவில்லை. இவ்வளவு தண்ணீர் எங்கே இருந்து வருகிறது?" என்றான்.

நல்ல கேள்வி. இங்கே மழைக்குக் குறைவில்லை. சென்னையில் வருடத்துக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது என்றால், தீபகற்ப மலேசியாவில் சராசரி 2,400-ஐத் தொடும். நம் மேற்குப் பக்கத்தில் ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் உச்சம். காலையில் வெயில் காயும், மூன்று மணிக்குத் தித்திவங்சா மலைப்பக்கம் கறுக்கும், நாலு மணிக்குக் கொட்டும். ஆனால் பேரன் காலை வைத்த தண்ணீர் முந்தின நாள் மழை இல்லை. சில நாளாக அங்கே ஒரு சொட்டு விழவில்லை. எப்போதோ பெய்து மேட்டு மண்ணுக்குள் இறங்கி, அடியில் மெதுவாக ஊர்ந்து, கரையோரம் கசிந்து வருகிற தண்ணீர் அது. அந்த மேட்டில் மலைத்தொடரின் கருங்கல்தான் காலகாலமாக மக்கி மண்ணாகியிருக்கிறது. கல்லில் இருந்த ஒரு பாதி களிமண்ணாகிவிடும், மக்காத படிகக் கல் மணலாக நிற்கும். ஓடை மணலை உள்ளங்கையில் வைத்து வெயிலில் திருப்பினால் மினுக் மினுக்கென்று அபிரகத் துகள் தெரியும். இந்தக் களியும் மணலும் கலந்த மண் நல்ல பஞ்சு. குடிக்கவும் செய்யும், கக்கவும் செய்யும்.

எவ்வளவு குடிக்கும் என்று ஒரு கணக்குப் போடலாம். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் நம் நாட்டில் அதை மிகக் கனத்த மழை என்பார்கள். அப்படி ஒரு மழை ஐந்நூறு ஏக்கரில் பெய்தால் 12 கோடி லிட்டர். தண்ணீர் வெட்டு நாளில் வருமே பத்தாயிரம் லிட்டர் லோரி, அதில் 12,000 லோரி. இதை முழுக்க மண் குடித்து, எலுமிச்சையைப் போட்டு அளந்தோமே, அந்த வேகத்திலேயே விட்டால் வடிவதற்கு ஏழு நாள் ஆகும். மண் கொஞ்சமும் குடிக்காமல் இரண்டு மணி நேரத்தில் தள்ளிவிட்டால் ஓடையில் வினாடிக்குப் பதினாறாயிரம் லிட்டருக்கு மேல் வரும். நிஜத்தில் இந்த இரண்டும் நடக்காது, ஒரு பங்கை வெயிலும் மரமும் எடுத்துக்கொள்ளும், மற்றது நடுவில் எங்கோ நிற்கும். எந்தப் பக்கம் சாயும் என்பது மேலே ஐந்நூறு ஏக்கரில் தரை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓடைக்குக் கேள்விமுறையே கிடையாது. கொடுத்ததை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

என் சிறு வயதில் அந்த மேடு முழுக்கக் கித்தா, அதாவது ரப்பர் மரம். அதற்கு முந்திய காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் மரத்தடியில் ஒரு புல் இருக்கக்கூடாது என்று சுரண்டி எடுக்க வைத்திருக்கிறார்கள். நிரை பளிச்சென்று தெரிந்தால் நல்ல தோட்டமாம். மேல்மண் மழையோடு போக ஆரம்பித்த பிறகுதான் புத்தி வந்தது. அப்புறம் அவரை இனத்துக் கொடிகளைக் கொண்டுவந்து தரையெல்லாம் படரவிட்டார்கள், சரிவைப் படிப்படியாக வெட்டினார்கள். நான் பார்த்தது அந்தக் காலம். காலை இருட்டில் அப்பாவோடு நிரைக்குள் போனால் கணுக்கால்வரை சருகு, உள்ளே மெத்தென்றிருக்கும். அடைமழை பெய்தாலும் ஸ்டோர் ஆறு உடனே பொங்காது, மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், தண்ணீர் சுத்தமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பால் உறைய ஊற்றின அமிலமும் ஸ்டோர் கழுவின தண்ணீரும் அதில்தான் விழும். அந்த நாற்றம் மூக்கிலேயே இருக்கிறது. மீன் பிடிக்க ஸ்டோருக்கு மேல்பக்கம்தான் போவோம்.

பிறகு கித்தாவைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். கன்று வைத்த முதல் சில வருடம் மண் திறந்து கிடந்து ஓடை செம்மண் கரைசலாக வந்தது. பனை வளர்ந்து, வெட்டின மட்டையைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்க ஆரம்பித்ததும் கொஞ்சம் அடங்கியது. அதற்கும் பிறகு கீழ்ப்பக்கம் ஏறக்குறைய அறுபது ஏக்கர் வீடமைப்புக்குப் போனது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான் வீடு வாங்கினோம். கூரை, தார், சிமெண்டு. ஒரு சொட்டு உள்ளே இறங்க வழி கிடையாது. காண் என்பது சாக்கடை; வீட்டுக்காண் தெருக்காணில் விழுந்து, தெருக்காண் நேரே ஓடையில் விழுகிறது. ஓடை சாலையைத் தாண்டும் இடத்தில் போட்டிருப்பதோ தோட்டக் காலத்துச் சிமெண்டுக் குழாய், ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவு. ஒரு நவம்பர் மாலை, மழை விட்டு நாற்பது நிமிடத்தில் என் வீட்டு வரவேற்பறையில் தண்ணீர். பக்கத்து வீட்டு அக்கா சாமிப் படத்தையும் அரிசி வாளியையும் அலமாரி மேல் ஏற்றிவிட்டு, "அந்தக் காலத்தில் இவ்வளவு மழை பெய்யாது தம்பி" என்றார். முப்பது வருடம் மழை அளந்தவன் நான், அன்றைய அளவைப் பார்த்தேன். பெரிய மழை ஒன்றும் இல்லை. லயத்தில் இருந்தபோது அதைவிடப் பெரியதெல்லாம் பார்த்திருக்கிறோம். அக்காவிடம் அப்போது அதைச் சொல்லவில்லை. அரிசி நனைந்து நிற்கிறவரிடம் புள்ளிவிவரம் பேசக்கூடாது.

இது புதுக் கதை இல்லை. பக்கத்திலேயே குவாலா குபு இருக்கிறது. 1883-இல் அங்கே மேலே இருந்த அணை உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போனது. வெள்ளைக்கார அதிகாரி வெள்ளை முதலையைச் சுட்டதால் வந்த வினை என்று ஒரு கதை சொல்வார்கள். அது போகட்டும். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். மேட்டில் வெள்ளீயம் தோண்டின மண் வருடக்கணக்காக இறங்கி, ஆற்றின் அடித்தரையே உயர்ந்துவிட்டது. வெள்ளம் மாற்றி வெள்ளம். கடைசியில் ஊரையே தூக்கி மேட்டில் வைத்தார்கள். அதனால்தான் அது குவாலா குபு பாரு, புது குபு.

ஆற்றோரத்தில் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று எங்கள் இலாகா ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. நாற்பது மீட்டருக்கு மேல் அகலமான ஆறு என்றால் இருபுறமும் ஐம்பது மீட்டர். ஐந்து மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு ஐந்து மீட்டர். ஸ்டோர் ஆற்றுக்கு வருவது அந்த ஐந்துதான். அதில் இப்போது மூன்று வாழை, ஒரு கோழிக்கூண்டு, யாரோ போட்ட பழைய மெத்தை. வாழை ஒன்று என்னுடையது.

என் வீட்டுக்குள் வந்த அந்த வெள்ளத் தண்ணீரை ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் பிடித்து வைத்தேன். மூடி, நன்றாகக் குலுக்கி, சன்னல் திட்டில் வைத்தேன். பேரன் முகவாயைத் திட்டில் வைத்துக்கொண்டு பார்த்தான். மணல் அவன் பத்து எண்ணுவதற்குள் அடியில் உட்கார்ந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் வண்டல், சாப்பிட்டு வருவதற்குள் ஒரு விரல் கனம். களிமண் மட்டும் இறங்கவே இல்லை. மறுநாளும் தேநீர் நிறம், மூன்றாம் நாளும் அதே நிறம். வீட்டுக்காரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "இந்தப் புட்டியை எப்போதுதான் காலி செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் தெளியவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் இங்கே நிலையத்துக்குக் கிளம்பி வந்தேன்.

நன்றி, வணக்கம்.