ஜன்னலுக்குள் ஜன்னல்

நேயர்களுக்கு வணக்கம்.

என் மடிக்கணினிக்குப் பதின்மூன்று வயது. நினைவகம் 2 ஜிபிதான். பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில், "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுங்கள் சார்" என்றார்கள். போடவில்லை. இந்த உரையை எழுதியதே அதில்தான்.

அதில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். லினக்ஸில் திரையை ஆளும் வேலை தனியொரு நிரலின் பொறுப்பு. எந்தச் சாளரம் எங்கே நிற்க வேண்டும், எது முன்னால் வர வேண்டும் என்று முடிவு செய்யும் அதற்குச் சாளர மேலாளர் என்று பெயர். பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். நான் மாட்டியிருப்பது 2006-இல் வெளிவந்த டிடபிள்யூஎம். அதன் மூலநிரல் இரண்டாயிரம் வரியைத் தாண்டக் கூடாது என்பது எழுதியவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட விதி. அமைப்புகளை மாற்றப் பட்டியல் எதுவும் கிடையாது. மூலநிரலில் ஓர் எண்ணைத் திருத்தி மறுபடி தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும். பயனர் கூட்டம் பெருகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று ஒளிக்காமல் சொல்கிறார்கள். அந்தச் செருக்கு எனக்குப் பிடிக்காது. நிரல் பிடிக்கும்.

டிடபிள்யூஎம்மை எழுதிய இதே குழு அதற்கு முன் டபிள்யூஎம்ஐஐ என்றொரு சாளர மேலாளரை உருவாக்கியது. அதை ஆட்டிவைக்கக் கோப்புகளில் எழுதினால் போதும். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துப் போனால், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் போய் நிற்கும். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸைப் படைத்தவர்கள் அங்கே 1980-களில் 'பிளான் 9' என்ற சோதனை இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். இன்று அது கட்டற்ற மென்பொருள். ஆனால் பயன்படுத்துவோர் மிகச் சிலர்.

அதன் சாளர மேலாளர் ரியோ. மௌஸின் வலப் பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னப் பட்டியல் வரும். 'புதிது' என்பதைத் தேர்ந்தால் சாளரம் தானாக வந்து நிற்காது. அதே வலப் பொத்தானால் திரையில் ஒரு செவ்வகம் இழுத்து, இடத்தையும் அளவையும் நாமே சொல்ல வேண்டும். முதல் நாள் பழக்கதோஷத்தில் இடப் பொத்தானையே அழுத்தி அழுத்தி, ஒரு சாளரம்கூடத் திறக்க முடியாமல் கால் மணி நேரம் விழித்துக்கொண்டிருந்தேன்.

திறந்த பிறகுதான் வியப்பு. ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித் திரை, தனி விசைப்பலகை, தனி மௌஸ் இருப்பதாகக் கோப்புகளைக் கொடுத்து ரியோ நம்பவைக்கிறது. தலைப்பை மாற்ற ஒரு கோப்பில் பெயரை எழுதினால் போதும். சாளரத்தில் உள்ள எழுத்தெல்லாம் வேண்டுமா? இன்னொரு கோப்பைப் படியுங்கள். ரியோவுக்குத் தேவையானதும் இதே கோப்புகள்தாம். ஆகவே ஒரு சாளரத்துக்குள் இன்னொரு ரியோவை ஓட்டலாம், அதற்குள் மற்றொன்று. உள்ளே இருப்பதற்குத் தான் ஒரு ஜன்னலுக்குள் குடியிருக்கிறோம் என்பதே தெரியாது. கோப்புகளைப் பரிமாற அந்தத் தளம் வகுத்த 9பி நெறிமுறை, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டுகிறவர்களின் கணினியில் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நமக்கு நேரடியாகக் கிடைத்த வரவு வேறு. 1992 செப்டம்பரில் ஒரு மாலை, நியூ ஜெர்சியின் சாலையோர உணவகம் ஒன்றில் பிளான் 9-ஐ உருவாக்கியவர்களில் இருவரான கென் தாம்சனும் ராப் பைக்கும் சாப்பிட உட்கார்ந்தார்கள். உலக எழுத்துகளையெல்லாம் பைட்டுகளில் அடுக்கும் முறையை, தட்டுக்கு அடியில் விரித்த தாளில் தாம்சன் எழுதினார். அந்த வாரம் முடிவதற்குள் பிளான் 9 முழுவதும் அதற்கு மாறிவிட்டது. அதுதான் யூடிஎஃப்-8. இன்று உங்கள் கைப்பேசிக்கு வரும் தமிழ்ச் செய்தி பெரும்பாலும் அந்தத் தாளில் போட்ட கணக்குப்படிதான் பயணம் செய்கிறது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. 'அம்மா'வில் அகரம், மகரம், புள்ளி, மறுபடி மகரம், கால் என ஐந்து குறிகள். ஆகப் பதினைந்து பைட்டு.

அந்த ஆசையில் ரியோ சாளரத்தில் 'கெண்டை' என்று எழுதிப் பார்த்தேன். பைட்டு ஒன்றுகூடச் சிதறவில்லை. கோப்பில் சேமித்து லினக்ஸில் திறந்தால் சொல் அப்படியே இருந்தது. ஆனால் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தும், ரியோ குறிகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரைந்தது. ககரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு, பின்னால் கைகட்டி நின்றது.