பிரோக்கன் மலைமுடியின் கோபுரங்கள்

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் நடுப்பகுதியில் ஹார்ட்ஸ் என்னும் மலைத்தொடர் இருக்கிறது. அதன் உச்சமாகிய பிரோக்கன், கடல்மட்டத்துக்கு மேல் 1,141 மீட்டர் உயரமே உடையது. ஆல்ப்ஸ் சிகரங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் அதைக் குன்று என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆயினும் அதற்கு வடக்கே கடல்வரை பரந்து கிடப்பது சமவெளி. அந்தத் திசையில் பார்வையை மறிக்க வேறொரு மலை கிடையாது. அந்த ஒரு காரணத்தால், 1930களின் நடுவிலிருந்து இன்றுவரை, அந்த மலைமுடி யார் கையில் இருந்தாலும் அவர்கள் அங்கே ஓர் ஆன்டெனாவை நிறுத்தாமல் விட்டதில்லை. ஊருக்கெல்லாம் கேட்கும்படி பேச வாய்ப்பான உயரம், ஊரார் பேசுவதைக் கேட்கவும் அதே அளவு வாய்ப்பானது. பிரோக்கன் கோபுரங்களின் வரலாறு இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடந்திருக்கிறது.

முதலில், மலை எதற்கு என்ற கேள்வியைப் பார்த்துவிடுவோம். மத்திய அலை வானொலி நிலத்தை ஒட்டித் தவழ்ந்து செல்லக்கூடியது. சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பிக் கண்டம் விட்டுக் கண்டம் தாவக்கூடியது. பண்பலை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உரிய மிகக் குறுகிய அலைகளுக்கு இந்த இரண்டு திறமையும் இல்லை. அவை ஏறத்தாழ ஒளியைப் போலவே நேர்கோட்டில் செல்கின்றன. பூமியின் வளைவுக்கு அப்பால் இருப்பவருக்கு அவை எட்டுவதில்லை. சமவெளியில் 100 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் 36 கிலோமீட்டர் தொலைவில் தெரியும். பிரோக்கன் உச்சியில் நிற்பவருக்கு அது சுமார் 120 கிலோமீட்டர். காற்று மண்டலம் அலைகளைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால், வானொலிக்கு அந்த எல்லை இன்னும் கொஞ்சம் நீள்கிறது. மின்சாரத்தை எவ்வளவு கூட்டினாலும் கிடைக்காத பரப்பை உயரம் இலவசமாகக் கொடுத்துவிடுகிறது.

இந்த வடிவக் கணிதத்தை வானொலிக்கு ஒரு நூற்றாண்டு முன்பே அங்கே பயன்படுத்திய ஒருவர் உண்டு. கணித மேதை காஸ், 1820களில் ஹானோவர் நாட்டை நில அளவை செய்தபோது, பிரோக்கன், ஹோஹர் ஹாகன், இன்செல்ஸ்பெர்க் ஆகிய மூன்று முடிகளை இணைத்து ஒரு பெரிய முக்கோணத்தை அளந்தார். பிரோக்கனுக்கும் இன்செல்ஸ்பெர்க்குக்கும் இடைப்பட்ட தொலைவு 100 கிலோமீட்டருக்கும் அதிகம். அவ்வளவு தொலைவில் ஒரு புள்ளியைத் துல்லியமாகக் குறிபார்க்க, சூரிய ஒளியைச் சிறு கண்ணாடியால் திருப்பி அனுப்பும் கருவி ஒன்றை அவரே வடிவமைத்தார். குன்றின் மேலிட்ட விளக்கு என்கிறோமே, அது அங்கே உவமையாக இல்லாமல் அளவுக் கருவியாகவே இருந்தது. ஒரு முடியிலிருந்து கிளம்பிய ஒளி தடையின்றி மறுமுடியைச் சேர்ந்ததென்றால், பிற்காலத்தில் அதே பாதையில் அலைகளும் போய்ச் சேரும். பிரோக்கனின் முதல் ஒளிபரப்பு அதுதான் என்று சொல்ல எனக்கு ஆசை. பொறியாளர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தொலைக்காட்சி அங்கே ஏறியது 1935இல். அந்த ஆண்டு மார்ச் 22ஆம் தேதி பெர்லினில் ஜெர்மன் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது. 180 வரிகளால் ஆன மங்கலான படம். வீடுகளில் பெட்டி கிடையாது. மக்கள் பொதுக் கூடங்களில் கூடிப் பார்த்தார்கள். அந்த ஒளிபரப்பு தலைநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. நாடு முழுவதற்கும் படத்தைக் கொண்டுபோவதாயின் உயரமான இடங்களைத் தேட வேண்டும் என்பதால், வண்டிகளில் பொருத்தப்பட்ட சோதனை அலைபரப்பி ஒன்றை ஜெர்மன் அஞ்சல்துறை பிரோக்கன் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தது. சோதனை நம்பிக்கை அளித்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஐம்பது மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில், சதுரமான, தடித்த கோபுரம் ஒன்று எழுந்தது. உலகின் முதல் தொலைக்காட்சிக் கோபுரம் இதுவே என்று ஜெர்மனியில் சொல்வார்கள். அதே காலத்தில் லண்டனின் அலெக்சாண்ட்ரா மாளிகையின் மேலும் தொலைக்காட்சி ஆன்டெனா ஏறியிருந்ததால், அந்தப் பட்டத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதற்கில்லை. முதன்மையானவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

அந்தக் கோபுரத்தைச் சுற்றி ஒரு வதந்தியும் வளர்ந்தது. பிரோக்கனிலும் பிராங்க்பர்ட்டுக்கு அருகிலுள்ள ஃபெல்ட்பெர்க்கிலும் புதிய கோபுரங்கள் எழுகின்றன, அவற்றின் அருகே போகும் மோட்டார் வண்டிகளின் எஞ்சின்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன, சிறிது நேரம் கழித்து ஒரு காவலர் வந்து இனிமேல் வண்டியைக் கிளப்பலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார் என்பது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் இங்கிலாந்தை எட்டிய செய்தி. எஞ்சினை நிறுத்தும் மர்மக் கதிரை ஜெர்மனி கண்டுபிடித்துவிட்டதோ என்று கவலை எழுந்தது. பிரிட்டிஷ் அறிவியல் உளவுத்துறையில் பணியாற்றிய ஆர். வி. ஜோன்ஸ் இதற்கான விளக்கத்தைப் பின்னர் அறிந்து எழுதியிருக்கிறார். அலைபரப்பிக்கு இடம் தேடியபோது, அலையின் வலிமையைப் பல இடங்களில் அளக்க வேண்டியிருந்தது. மோட்டார் எஞ்சினின் தீப்பொறி அந்த நுண்ணிய அளவீட்டில் இரைச்சலாக விழும். ஆகவே அளக்கும் நேரத்தில் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி, எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள். அளந்து முடித்ததும் கிளப்பச் சொன்னார்கள். காவலர் அணைக்கச் சொன்ன எஞ்சின், வாய்மாறி வாய்மாறிக் கடல் கடந்தபோது கதிர் அணைத்த எஞ்சினாகிவிட்டது. பழைய காரை அருகில் ஓட்டினால் வானொலிப் பெட்டி கரகரப்பதைக் கேட்டவர்களுக்கு இந்த விளக்கம் உடனே புரியும்.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. தொலைக்காட்சிக்காக எழுந்த கட்டடம் படைத்துறையின் கைக்குப் போனது. படம் அனுப்பும் கனவோடு கட்டிய கோபுரம், தன் பணியைச் சரிவரத் தொடங்குமுன்பே வேறு பணிக்குத் திரும்பியது. 1945 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க விமானங்கள் மலைமுடியைக் குண்டுவீசித் தாக்கின. அங்கிருந்த ஹோட்டலும் வானிலை நிலையமும் அழிந்தன; கோபுரம் நின்றது. முதலில் அமெரிக்கப் படையினர் மலைமுடியைத் தம்மிடம் வைத்திருந்தனர். 1947இல் அது சோவியத் தரப்புக்குக் கைமாறியது. இரு ஜெர்மனிகளும் பிரிந்தபோது பிரோக்கன் கிழக்கே விழுந்தது. எல்லைக்கோடு அதன் மேற்குச் சரிவுக்கு மிக அருகில் ஓடியது.

மலைமுடி ஒலிபரப்பு போருக்குப் பின் வேரூன்றியதற்கு ஒரு காகிதமும் காரணம். 1948இல் கோபன்ஹேகனில் கூடிய மாநாடு ஐரோப்பாவின் மத்திய அலைவரிசைகளைப் பங்கிட்டபோது, தோற்ற நாடான ஜெர்மனிக்கு மிகக் குறைவாகவே கொடுத்தது. இருக்கும் அலைவரிசை போதாது என்ற நெருக்கடியில், மேற்கு ஜெர்மனி 1949இலேயே பண்பலை ஒலிபரப்பைத் தொடங்கியது. பண்பலைக்கு உயரம் வேண்டும். ஆகவே மலைகளுக்கு மதிப்புக் கூடியது. கிழக்கும் அதே வழியைப் பின்பற்றியது. 1950களில் பிரோக்கனிலிருந்து பண்பலை வானொலியும், பின்னர் கிழக்கு ஜெர்மனியின் தொலைக்காட்சியும் வெளிவரத் தொடங்கின. எதிர்ப்புறத்தில், கண்ணுக்கெட்டும் தொலைவிலுள்ள டோர்ஃப்ஹவுஸில், மேற்கு ஜெர்மனி தன் அலைபரப்பியை நிறுவியது. அலைக்கு எல்லைக்காவலர் ஏது? இரு பக்கத்து மக்களும் இரு பக்கத்து நிகழ்ச்சிகளையும் பார்த்தார்கள். வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, 1967இல் மேற்கு ஜெர்மனி பால் என்னும் வண்ண ஒளிபரப்பு முறையையும் 1969இல் கிழக்கு ஜெர்மனி அதனோடு ஒத்துப்போகாத செக்காம் என்னும் முறையையும் கைக்கொண்டன. இதனால் ஒரு முறைக்கென்று மட்டுமே செய்யப்பட்ட பெட்டியில், மறுபக்கத்து வண்ணப் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. மதிலால் தடுக்க முடியாத படத்தின் நிறத்தையாவது தடுக்க முடிந்தது.

ஆன்டெனாவின் இயல்பு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு திசையில் நன்றாக அனுப்பும் ஆன்டெனா, அதே திசையிலிருந்து வருவதை நன்றாக வாங்கவும் செய்யும். மலைக்கும் இது பொருந்துகிறது. பிரோக்கனிலிருந்து மேற்கு ஜெர்மனியின் உட்பகுதி வரை கேட்க முடிந்தது. கிழக்கு ஜெர்மனியின் உளவு அமைப்பாகிய ஸ்டாசி, அங்கே ஆன்டெனாக்களை மறைக்கும் பெரிய குவிமாடத்தோடு ஓர் ஒட்டுக்கேட்பு நிலையத்தை அமைத்தது. சோவியத் படையும் தனக்கென ஒன்றை வைத்திருந்தது. ஸ்டாசி நிலையத்தின் மறைபெயர் ஊரியான். ஜெர்மன் நாட்டார் வழக்கில் அது சாத்தானின் பெயர்களுள் ஒன்று. ஏப்ரல் 30ஆம் தேதி இரவில் சூனியக்காரிகள் கூடும் மலை பிரோக்கன் என்பது அப்பகுதியின் பழைய நம்பிக்கை. அந்தப் பெயரைத் தேர்ந்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். மேற்குத் தரப்பும் சும்மா இருக்கவில்லை. அருகிலுள்ள வூர்ம்பெர்க், ஸ்டோபர்ஹாய் முதலிய முடிகளில் அதன் ஒட்டுக்கேட்புக் கோபுரங்கள் கிழக்கை நோக்கி நின்றன. சுவருக்குக் காது உண்டு என்ற பழமொழி அந்த வட்டாரத்தில் மலைக்கும் பொருந்தியது.

விளைவாக, உச்சி பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 1961 ஆகஸ்டில் எல்லை அடைக்கப்பட்ட பிறகு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மலைமேல் ஏறிவிட்ட நீராவி ரயிலில் பயணிகளுக்கு இடமில்லாமல் போயிற்று. பிற்காலத்தில் உச்சியைச் சுற்றி சுமார் 3.6 மீட்டர் உயரக் கான்கிரீட் மதிலும் எழுந்தது. மலையுச்சியிலிருந்து வரும் பாட்டையும் செய்தியையும் அடிவாரத்து மக்கள் நாள்தோறும் கேட்டார்கள். அந்த உச்சியில் கால்வைக்க அவர்களுக்கு உரிமையில்லை. ஒலிபரப்பு நிலையங்களின் வரலாற்றில் இதைவிட விந்தையான நிலைமையை நான் அறிந்ததில்லை.

இடையில் 1970களில், பழைய கோபுரத்துக்குப் பக்கத்தில் 123 மீட்டர் உயரமுள்ள புதிய எஃகுக் கோபுரம் வந்தது. சிவப்பும் வெள்ளையும் பூசிய அதுதான் இன்று படங்களில் முதலில் கண்ணில் படுகிறது. அங்கே கோபுரம் கட்டுவதும் காப்பதும் எளிதல்ல. ஆண்டில் 300 நாட்களுக்கு மேல் மூடுபனி தென்படும் இடம் அது. 1984 நவம்பர் 24 அன்று மணிக்கு 263 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. குளிர்ந்த மூடுபனி இரும்பின்மேல் பட்டவுடன் உறைந்து, காற்று வரும் திசையை நோக்கிப் பனிக்கட்டியாக வளரும். அந்த எடை கம்பிகளை முறிக்கும். ஆன்டெனாவின் மேல் படிந்தால் அலையின் வழியையே கெடுக்கும். இத்தகைய மலைமுடிகளில் ஆன்டெனாக்களைக் கண்ணாடியிழை உறைக்குள் வைத்து மூடுவது இதனால்தான். கேட்பவருக்கு நிகழ்ச்சி தடையின்றி வருகிறது என்றால், மேலே ஒருவர் பனியில் நடந்துபோய் எதையோ சரிபார்த்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

1989 நவம்பர் 9 அன்று பெர்லின் மதில் திறந்தது. பிரோக்கன் அன்று திறக்கவில்லை. மூன்று வாரத்துக்கும் மேலாக மக்கள் பொறுத்திருந்தார்கள். டிசம்பர் 3 அன்று அடிவாரத்து ஊர்களிலிருந்து நடந்தே மலையேறி வந்த கூட்டம், வாயிலைத் திறக்கச் சொல்லி மதிலின் முன் நின்றது, காவலர்கள் திறந்துவிட்டார்கள். 1991 செப்டம்பரில் ரயில் மீண்டும் பயணிகளோடு உச்சிக்கு வந்தது. கடைசி ரஷ்யப் படைவீரர்கள் 1994இல்தான் கீழிறங்கினார்கள்.

இப்போது மதில் இல்லை. ஊரியான் கட்டடம் அருங்காட்சியகமாகிவிட்டது; அதன் குவிமாடத்தையும் ஆன்டெனாக்களையும் பார்வையாளர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஸ்டோபர்ஹாய் கோபுரத்தை 2005இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். 1930களின் சதுரக் கோபுரம் தங்கும் விடுதியாகி, அதன் மேல்தளத்திலிருந்து சமவெளியைப் பார்க்க இடமளிக்கிறது. சிவப்பு வெள்ளைக் கோபுரம் மட்டும் தன் தொழிலை விடவில்லை. அங்கிருந்து 89.0 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் வானொலி நிலையம் ஒன்று, அந்த எண்ணையே தன் பெயரின் முற்பகுதியாக வைத்துக்கொண்டிருக்கிறது. அதன் ஒலி பழைய எல்லைக்கோட்டின் இரு பக்கத்துச் சமவெளிக்கும் போகிறது.

நன்றி. வணக்கம்.