சந்தேகம் காவல் காக்கும் திருத்தலங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கத்தோலிக்கத் திருத்தலங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, கேட்பவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அங்கே போய் வேண்டிக்கொண்டால் கேட்டது கிடைக்கும் என்பவர்கள் ஒருபுறம். எல்லாமே கட்டுக்கதை, ஏமாளிகளின் காசைப் பறிக்கும் ஏற்பாடு என்பவர்கள் மறுபுறம். ஆனால் இந்த இரு தரப்பாரும் தம்மை அறியாமலேயே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். நம்புவது திருச்சபையின் வேலை, சந்தேகப்படுவது வெளியே நிற்பவர்களின் வேலை என்பதே அது. இன்று நான் சொல்ல வந்தது அதற்கு நேர்மாறானது. இத்திருத்தலங்களின் வரலாற்றைப் பொறுமையாகப் படித்தால், மிகக் கடுமையான சந்தேகம் பெரும்பாலும் உள்ளேயிருந்தே, அதிலும் மறைமாவட்டங்களின் தலைவர்களான ஆயர்களிடமிருந்தும் பங்குத்தந்தையரிடமிருந்தும் புறப்பட்டிருப்பதைக் காணலாம்.

எல்லோருக்கும் தெரிந்த லூர்திலிருந்தே தொடங்குகிறேன். பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் அது. 1858ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் விறகு பொறுக்கப் போன பெர்னதெத் சூபிரூ என்ற 14 வயதுச் சிறுமி, ஆற்றோரக் கெபி ஒன்றில், அதாவது பாறைக் குகையில், வெண்ணிற உடையில் ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னாள். ஆஸ்துமா நோயாளி, எழுதப் படிக்கத் தெரியாதவள், சிறைக்கூடமாக இருந்து கைவிடப்பட்ட ஒற்றை அறையில் பெற்றோருடன் குடியிருந்தவள். இப்படிப்பட்ட ஒருத்தி சொன்னதைக் கேட்டுப் பங்குத்தந்தை பெய்ரமால் மகிழ்ந்துபோனார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அவளைக் கடிந்துகொண்டார். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு வரச் சொன்னார். உண்மையானால் குளிர்காலத்தில் கெபியிலுள்ள ரோஜாச் செடி பூக்கட்டும் என்றார். ரோஜா பூக்கவில்லை.

காவல் அதிகாரி ஜாக்கோமே அவளை உட்காரவைத்து விசாரித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவள் சொன்னதை எழுதிக்கொண்டு, பின்னர் அதை வாசித்துக் காட்டும்போது வேண்டுமென்றே சிலவற்றை மாற்றி வாசித்தார். தடுமாறுகிறாளா என்று பார்ப்பதற்காகச் செய்த தந்திரம் அது. அவளோ ஒவ்வோர் இடத்திலும், ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள் மாற்றிவிட்டீர்கள் என்று திருத்திக்கொண்டே வந்தாள். இது காட்சி உண்மை என்பதற்குச் சான்றாகாது. அவள் மனமறிந்து பொய் சொல்லவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தை மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் திருத்தலங்களைப் பற்றிய வாக்குவாதங்களில் பாதி இந்தத் தூரத்தை ஒரே தாவலில் கடக்க முயல்வதால்தான் எழுகின்றன.

மறைமாவட்ட ஆயர் லோரான்ஸ் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். பெர்னதெத் கண்டது அன்னை மரியாவையே என்று முடிவு சொல்ல 1862 ஜனவரி வரை எடுத்துக்கொண்டார். இதற்கிடையே அரசு கெபியைப் பலகையால் அடைத்து, சில மாதங்களுக்குப் பின் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் உத்தரவால் திறந்தது. நோய் தீர்க்கும் என்று மக்கள் நம்பிய, கெபியின் ஊற்று நீரை வேதியியல் பேராசிரியர் ஒருவர் ஆய்ந்து, இது சாதாரணக் குடிநீர், மருத்துவக் குணம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இந்த அறிக்கையை யாரும் மறைக்கவில்லை. பெர்னதெத்துக்கும் அந்த நீரால் நோய் தீரவில்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்து, நோயோடு போராடி, 1879இல் தம் 35ஆம் வயதில் இறந்தார். அவர் சொன்னதைக் கேட்டுச் சிற்பி ஒருவர் செதுக்கிய, இன்றும் கெபியில் நிற்கும் சிலையைப் பார்த்தபோதுகூட, தாம் கண்டது இப்படி இல்லை என்றே சொன்னார். பக்தர்கள் மண்டியிடும் சிலையைப் பற்றிய முதல் மறுப்பு, காட்சி கண்டவரிடமிருந்தே வந்தது.

நோய் தீர்ந்ததாகச் சொல்லி ஓடி வருபவர்களை என்ன செய்வது? இதற்காகவே 1883இல் லூர்தில் மருத்துவ அலுவலகம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கு வந்திருக்கும் எந்த மருத்துவரும், எந்த மதத்தவரானாலும், மதமே இல்லாதவரானாலும், நோயாளியைச் சோதிப்பதில் கலந்துகொள்ளலாம். நம் வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்தால், பரிசோதனை அறிக்கைகளை ஒரு கோப்பில் அடுக்கி, மருத்துவமனை மருத்துவமனையாகச் சுமந்து செல்கிறோம் அல்லவா, அந்தக் கோப்பைத்தான் முதலில் கேட்பார்கள். நோய் கடுமையானதா, தானாகக் குறையும் கட்டத்தில் இருந்ததா, உட்கொண்ட மருந்து வேலை செய்திருக்குமா, குணம் திடீரென வந்ததா, முழுமையாக வந்ததா, பல ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைத்ததா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். இவை 18ஆம் நூற்றாண்டில், பின்னாளில் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் ஆன லாம்பர்த்தீனி வகுத்த அளவுகோல்கள். அலுவலகத்தைக் கடந்தால் பன்னாட்டு மருத்துவக் குழு. அங்கும் மருத்துவர்கள் புதுமை, அதாவது இறைவன் செய்த அற்புதம், என்று சொல்ல மாட்டார்கள். இன்றைய மருத்துவ அறிவால் விளக்க முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். குணமடைந்தவரின் சொந்த மறைமாவட்ட ஆயர்தான், அதுவும் விரும்பினால், புதுமை என்று அறிவிப்பார்.

குணமடைந்ததாகப் பதிவு செய்தவர்கள் 7,000 பேருக்கு மேல். புதுமை என்று அறிவிக்கப்பட்டவை 2025 ஏப்ரல் நிலவரப்படி 72. முதல் உலகப்போரில் காயமடைந்து, கை செயலிழந்து, வலிப்பு நோயோடு 1923இல் அங்கே வந்த ஜான் டிரெய்னர் என்ற போர்வீரரின் குணத்தை லிவர்பூல் பேராயர் அறிவித்தது 2024 டிசம்பரில். அதாவது 101 ஆண்டுகள் கழித்து, அவர் இறந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என்னை அறிந்தவர்கள், வந்துவிட்டது அந்தக் கதை என்று இந்நேரம் சிரித்திருப்பார்கள்.

1902 மே மாதம், லியோன் நகரத்திலிருந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு லூர்துக்குப் புறப்பட்ட ரயிலில் அலெக்சிஸ் கேரல் என்ற 28 வயது மருத்துவர் இருந்தார். சக மருத்துவர் ஒருவர் வர முடியாமற்போனதால் அவருக்குப் பதிலாகச் சென்றவர். பக்தியை விட்டு விலகியிருந்தவர். அதே ரயிலில் மரி பாய் என்ற இளம்பெண் இருந்தார். பெற்றோர் காசநோயால் இறந்தவர்கள். இவருக்கும் வயிற்றுச் சவ்வில் காசநோய் என்று மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வயிறு உப்பி, உள்ளே கட்டி கட்டியாகக் கையில் தட்டுப்பட, அறுவைச் சிகிச்சையும் இனிப் பயனில்லை என்று கைவிடப்பட்டவர். வழியில் அவருக்கு வலி தணிக்க மார்ஃபின் என்ற மருந்தை ஊசியில் போட்டவர் கேரல்தான். இந்தப் பெண் பிழைத்தால் நான் எதையும் நம்புவேன் என்று உடன் இருந்தவரிடம் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார்.

லூர்தில் மரி பாயை ஊற்று நீர்த் தொட்டியில் இறக்கக்கூட முடியவில்லை, அந்த அளவுக்கு மோசமான நிலை. ஊற்று நீரை மொண்டு வயிற்றின் மீது சில முறை ஊற்றினார்கள், அவ்வளவுதான். பிறகு கெபியின் முன்னால் கட்டிலோடு கிடத்தினார்கள். கேரல் பக்கத்தில் நின்று நேரத்தைக் குறித்துக்கொண்டே பார்த்தார். முகத்தின் வெளுப்பு குறைந்தது. போர்வை மேடாகத் தூக்கி நின்ற இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, சிறிது நேரத்தில் தட்டையானது. ஒரு கோப்பை பால் கொடுத்தார்கள். குடித்தார், வாந்தி வரவில்லை. மாலையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கேரல் தாமே சோதித்துப் பார்த்தார், பிற மருத்துவர்களும் பார்த்தார்கள். கட்டிகள் கையில் படவில்லை. அந்தப் பெண் பிறகு அருட்சகோதரியாகி 1937 வரை வாழ்ந்தார்.

கேரலின் நிலைதான் பரிதாபம். கண்டதை மறைக்கவும் மனமில்லை, புதுமை என்று உரக்கச் சொல்லவும் மனமில்லை. பக்தர்களுக்கு அவர் போதிய நம்பிக்கை இல்லாதவராகத் தெரிந்தார். லியோன் மருத்துவர்களுக்கோ எதையும் நம்பிவிடும் பேர்வழியாகத் தெரிந்தார். இப்படிப்பட்ட கருத்துடையவருக்கு இங்கே எதிர்காலம் இல்லை என்று மூத்தவர்கள் உணர்த்த, 1904இல் அவர் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். அறுந்த இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காக 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிவைத்தது, அவர் இறந்த பிறகே அச்சாகியது. அதிலும் தம் பெயரை எழுத்தெழுத்தாகத் தலைகீழாக்கி மருத்துவர் லெராக் என்று வைத்திருந்தார்.

கதை முடிந்துவிடவில்லை. நோபல் பரிசு பெற்ற ஒருவர் கண்ணால் கண்ட குணம். இதைவிடப் பெரிய சாட்சி எந்தத் திருத்தலத்துக்குக் கிடைக்கும்? ஆனால் லூர்தின் அந்த 72இல் மரி பாயின் பெயரைத் தேடினால் கிடைக்காது. 1964இல் பன்னாட்டு மருத்துவக் குழு அந்தக் கோப்பை மறுபடியும் பார்த்து, அது மனநிலையால் உண்டான பொய்க் கர்ப்பமாக இருக்கலாம் என்ற கோணத்தை அன்றைய மருத்துவர்கள் போதிய அளவு ஆராயவில்லை என்று சொல்லி ஒதுக்கிவிட்டது. அந்த முடிவு சரியா, தவறா என்பதில் எனக்கே முழுத் தெளிவு இல்லை. கைக்குத் தட்டுப்பட்ட கட்டிகளை அது எப்படி விளக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் விளம்பரத்துக்காக நடக்கும் இடம் இப்படி நடந்துகொள்ளாது என்பதில் ஐயம் இல்லை.

இதனால் வெளியே நிற்பவர்களின் கேள்விகள் அடிபட்டுப் போகின்றன என்று சொல்ல மாட்டேன். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மக்கள் வந்துபோகும் இடத்தில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில், காரணம் தெரியாமல் தாமாகவே குணமடைபவர்கள் சிலராவது இருக்கத்தானே செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. தொடக்க காலக் குணங்களில் பல காசநோய் சார்ந்தவை, அன்றைய நோயறிதல் இன்றைய கண்ணுக்குப் போதாது என்பதும் உண்மை. எழுத்தாளர் அனத்தோல் பிரான்ஸ் கெபியில் தொங்கிய ஊன்றுகோல்களைப் பார்த்தபோது, உடன் வந்தவர், ஒரே ஒரு மரக்கால் இருந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்குமே என்று காதில் முணுமுணுத்தாராம். பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மரக்கால் இருந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது, வெட்டுண்ட கால் மீண்டும் முளைத்தாலும் உண்மையான விஞ்ஞானி அதைப் புதுமை என்று சொல்லாமல், இதுவரை அறியப்படாத ஓர் இயல்பு என்றே எழுதுவார் என்று அனத்தோல் பிரான்ஸ் தொடர்ந்து சொன்னதை மறந்துவிடுகிறார்கள். அப்படியானால், எந்தச் சான்று வந்தாலும் மாறாத சந்தேகம் ஒன்றும் உண்டு. எந்த மறுப்பு வந்தாலும் மாறாத நம்பிக்கையிலிருந்து அது எந்த வகையில் வேறுபடுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

உள்ளிருந்து எழுந்த சந்தேகத்துக்கு இன்னொரு சான்று, லூர்தைவிட மிகப் பழையது. இன்று தூரின் நகரில் இருக்கும் துணி, இயேசுவின் உடலைப் போர்த்தியது என்று போற்றப்படும் அந்தத் துணி, 14ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லீரே என்ற ஊரில் வைக்கப்பட்டிருந்தது. அதைக் காணத் திருப்பயணிகள் திரண்டார்கள். 1389இல் த்ருவா மறைமாவட்ட ஆயர் பியர் தார்சி, அவிஞோனில் இருந்துகொண்டு திருத்தந்தைப் பதவிக்கு உரிமை கோரிய ஏழாம் கிளெமெண்டுக்கு எழுதிய மடலில், இது பேராசையால் நடக்கும் ஏமாற்று, இதைத் தீட்டிய ஓவியனையே எனக்கு முன்பிருந்த ஆயர் கண்டுபிடித்துவிட்டார் என்று கொதித்தார். துணியைக் காட்டலாம், ஆனால் இது அசல் அல்ல, உருவகம் என்று அறிவித்துவிட்டுத்தான் காட்ட வேண்டும் என்று பதில் வந்தது. ஆறு நூற்றாண்டுகள் கழித்து, 1988இல், மூன்று ஆய்வகங்கள் கரிமக் காலக் கணிப்பு செய்து 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலம் என்றன. அந்தக் கணிப்பின் மீதும் விவாதம் ஓயவில்லை, திருப்பயணிகளும் ஓயவில்லை.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். போர்ச்சுகல் நாட்டின் பாத்திமாவில் 1917 அக்டோபர் 13 அன்று சூரியன் சுழன்றதாகக் கூட்டத்தினர் சொன்னதையும், திருச்சபையை எதிர்த்த நாளிதழின் செய்தியாளரே அதை எழுதியதையும், உலகின் வேறெங்கும் எந்த வானாய்வுக் கூடமும் அதைப் பதிவு செய்யாததையும் விரித்துப் பேச எண்ணியிருந்தேன், இவ்வளவோடு விட்டுவிடுகிறேன். கடைவீதிகளையும் உண்டியலையும் பற்றிப் பேச இப்போது வழியில்லை.

மெஜுகோரியே பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. போஸ்னியா ஹெர்சகோவினாவில் உள்ள அவ்வூரில் 1981 ஜூன் மாதம் முதல் ஆறு இளையோர் அன்னை மரியாவைக் கண்டதாகச் சொன்னார்கள். அந்த மறைமாவட்டத்தின் ஆயர்கள் இருவர், அடுத்தடுத்து, அதை மறுத்தார்கள். மக்கள் கேட்கவில்லை, போய்க்கொண்டே இருந்தார்கள். நாள்தோறும் குறித்த நேரத்தில் செய்தி அனுப்ப அன்னை மரியா தந்தி அலுவலகத் தலைவி அல்லர் என்ற கருத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் சொன்னார். அவர் காலத்திலேயே, 2024 செப்டம்பரில், அங்கே செல்வதற்கும் வேண்டுவதற்கும் தடையில்லை என்று வத்திக்கான் அறிவித்தது. காட்சிகள் தெய்வீகமானவை என்று அறிவிக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் வெளியான புதிய விதிமுறைகளின்படி, இனி இத்தகைய காட்சிகள் எதையும் தெய்வீகம் என்று அறிவிப்பது பொதுவாக வழக்கத்தில் இராது. அறிவிக்கப்பட்ட பழைய காட்சிகளையும் நம்பியே தீர வேண்டும் என்ற கடமை எந்தக் கத்தோலிக்கருக்கும் இருந்ததில்லை. இதையும் எழுதிவைத்தவர் அதே 14ஆம் பெனடிக்ட்தான்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.