துருசுக்குக் கதவு வேண்டாமோ?

நடுவர் ஐயாவுக்கும், பிள்ளையார் வாசலில் பாய் விரித்து இருக்கிற ஊர்ச்சனத்துக்கும் வணக்கம். "பிள்ளைகளின் திரைநேரத்தைக் காப்பது பூட்டா, பேச்சா?" போனிலேயே நேரக்கணக்கு வைத்துப் போடுகிற பூட்டுத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். பேச வந்துவிட்டுப் பூட்டுக்கு வாதாடுறாவே என்று எதிரணித் தம்பி சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

நல்லதனமாகச் சொன்னால் பிள்ளை கேட்குமாம். ஆர் ஐயா சொல்வது? தாய் விடியமுன்னம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினால் இருட்டுப்பட்டுத்தான் இறங்குகிறாள். தகப்பன் கட்டாரில். வீட்டில் இருப்பது அம்மம்மா. அவவுக்கு அந்தப் போனில் தெரிந்தது பச்சைப் பொத்தான் ஒன்றுதான்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 2020இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்ட, மூத்தவளுக்கு வட்ஸ்அப்பில் பாடம் வந்தது. கனடா மாமா தன் பழைய போனை ஆளிடம் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் திறந்தது, போன் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. இப்போது அது இளையவன் கையில். மாமாவின் கூகுள் கணக்கும் அதற்குள்ளேயே இருந்தது. என் மகனுக்கு வயது 9. கூகுளுக்கு அவனுக்கு 48.

சின்ன விஷயம் என்று நினையாதேங்கோ. 18 வயதுக்குட்பட்டவர்களின் கணக்கில் ஒரு வீடியோ முடிய அடுத்தது தானாக ஓடாதபடி 2021இல் யூரியூப் மாற்றி வைத்தது. கொஞ்சம் ஓய்வெடு, படுக்கிற நேரம் வந்திட்டுது என்ற நினைவூட்டல்களும் அவர்களுக்குத் தானாகவே வரும். என் மகனுக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. 48 வயது ஆம்பிளையைப் படு என்று ஆர் சொல்வது?

இரணைமடுக் குளக்கட்டில் நின்று பார்த்த சனத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை. குளத்துத் தண்ணியை வாய்க்காலுக்கு விடுகிற துருசு இருக்கிறது, அதுக்குக் கதவு இருக்கிறது. கமக்காரனை நம்பாமலா கதவு வைத்தார்கள்? தண்ணியை நம்பாமல்! சிறுபோக விதைப்புக்கு முதல் கூட்டம் வைப்போம். குளத்தில் எவ்வளவு தண்ணி, எத்தனை ஏக்கர், எப்ப திறக்கிறது என்று சத்தம் போடுவோம், சண்டையும் பிடிப்போம். முடிவெடுத்தால் பிறகு கதவு தன் வேலையைப் பார்க்கும். எதிரணி கேட்கிற பேச்சு அந்தக் கூட்டம்தான்; வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாள் தவறாமல் வாய்க்காலில் இறங்கி, "தண்ணியே, காணும், நில்லு" என்று எவராவது கெஞ்சினதுண்டோ?

நானும் கூட்டம் வைத்தேன். மாமாவின் கணக்கை எடுத்துவிட்டு, சரியான பிறந்த திகதியோடு மகனுக்குப் புதுக் கணக்கு. என் போனில் பமிலி லிங்க்; பிள்ளையின் போனுக்குத் தாய் தகப்பன் பூட்டுப் போடுகிற கூகுள் அப் அது. நாளுக்கு ஒரு மணித்தியாலம், இரவு எட்டரைக்குப் பூட்டு, புது அப் இறக்குவதென்றால் என்னைக் கேட்க வேணும். எல்லாம் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போட்டேன். சனிக்கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் என்று பேரம் பேசி வென்றும்விட்டான்.

பூட்டினால் அவசரத்துக்கு எப்படிக் கதைக்கிறது என்று ஒரு அக்கா கேட்டா. யானை வருகிற ஊரில் நியாயமான கேள்வி. நேரம் முடிந்து பூட்டின போனிலும் வருகிற அழைப்பை எடுக்கலாம். அவசர அழைப்பும் போகும்.

பிள்ளைகள் பூட்டை உடைத்துவிடுவார்களாம். உடைப்பார்கள்தான்! நெற்ஃபிளிக்ஸில் ஒவ்வொருவர் பகுதிக்கும் நாலு இலக்கப் பூட்டுப் போடலாம். பக்கத்து வீட்டு அண்ணர் போட்ட இலக்கம், மகள் பிறந்த வருஷம். அவள் ஒரே தட்டில் திறந்திட்டாள். அது பூட்டின்ரை பிழையோ, ஐயா? அந்த வீட்டு ரீவிக்கு என் பூட்டு எட்டாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எதிரணிக்கு ஒரு புள்ளி இனாம்.

போன கிழமை வரம்பில் நிற்கிறேன். அம்மம்மாவின் பட்டன் போனில் இருந்து அழைப்பு. "அம்மா, கார்ட்டூன் முடியப்போகுது, பதினைஞ்சு நிமிஷம் கூட்டித் தாங்கோ." போனைப் பறித்தால் நிலத்தில் விழுந்து குழறின அதே பிள்ளை. நின்ற இடத்திலேயே கூட்டிக் கொடுத்தேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் ஐயா. எனக்கும் ஒரு பதினைஞ்சு நிமிஷம் கூட்டித் தருவீர்களோ? தரமாட்டீர்கள். பேச்சே போதும் என்கிற எதிரணிக்கும் இதே மணிதான் அடிக்கப் போகிறீர்கள். வணக்கம்.