மரம் வெட்ட ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

[திரையில்: வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். மதிலை ஒட்டி நிற்கும் தென்னை, பின்னால் கொஞ்சம் வானம்.]

வணக்கம். இந்தப் படத்தைப் பாருங்கள். படத்துக்குக் கீழே ஒரே வரிதான்: "இதை வெட்ட எவ்ளோ ஆகும்?" தினம் இப்படி நாலைந்து வரும். விலையைச் சொன்னால் அடுத்த நிமிடமே பதில் வரும்: "ஒரு தென்னைக்கா இவ்ளோ? மிஷின்ல அஞ்சு நிமிஷ வேலைதானே?"

அவர் சொல்வது சரிதான். அஞ்சு நிமிடம்கூட ஆகாது. ஒரு அடி விட்டமுள்ள தென்னையை அடியில் அறுத்துச் சாய்க்க, மிஷின் வாளின் செயின் நல்ல கூராக இருந்தால் இரண்டு நிமிடம் போதும். மரம் வயல் நடுவே நின்றால், அதோடு வேலை முடிந்தது. ஆனால் வேளச்சேரியிலோ தாம்பரத்திலோ அரை கிரவுண்டு மனையில் நிற்கிற மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது?

சென்னையின் தென்புறத்தில் ஐந்து பேர் கொண்ட சின்னக் குழு ஒன்றை நடத்துகிறேன். மரம் ஏற இரண்டு பேர், கீழே கயிறு பிடிக்கவும் இழுத்துப் போடவும் மூன்று பேர். அந்த மூன்றில் நானும் ஒருவன். எங்கள் கூலியில் மரத்தை அறுப்பதற்கான பங்கு கொஞ்சம்தான். அறுத்த துண்டு எங்கே இறங்க வேண்டும், இறங்கியது எங்கே போக வேண்டும், இந்த இரண்டுக்குத்தான் மீதிக் காசெல்லாம். அது எப்படி என்று பார்ப்போம்.

[திரையில்: அதே தென்னை, நேரில் எடுத்த படம்.]

நேரில் போனால்தான் தெரியும். அந்தப் படத்தில் தெரியாதவை இவை: மதிலுக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மரத்தடியில் சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. மூன்றடி தள்ளி செப்டிக் டேங்க் மூடி. மட்டைகளுக்கு நடுவே கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் சர்வீஸ் வயர். உள்ளே வர நாலடி அகலச் சந்து. கிரேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக இறக்க வேண்டும். முதலில் காய், அப்புறம் மட்டை, அப்புறம் கொண்டை, கடைசியாகத் தண்டு. இங்கே ஒரு சின்னக் கணக்கு. பச்சை மரம் கிட்டத்தட்டத் தண்ணீர் அளவுக்கே கனமானது, ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன். 30 சென்டிமீட்டர் விட்டம், ஒரு மீட்டர் நீளம் என்று ஒரு துண்டு போட்டால் சுமார் 70 கிலோ வரும். வளர்ந்த ஓர் ஆளின் எடை. அதை 12 மீட்டர் உயரத்திலிருந்து அப்படியே விட்டால் தரையைத் தொடும்போது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகம் இருக்கும். சம்ப் மூடி தாங்குமா?

[திரையில்: தண்டைச் சுற்றிய வடக்கயிறு. சுற்றுகளை எண்ணிக் காட்டுகிறது.]

கீழே நிற்பவர் 70 கிலோவை வெறுங்கையால் தாங்குவதில்லை. மரத்தின் அடித்தண்டையே துணைக்கு எடுத்துக்கொள்கிறார். கயிற்றைத் தண்டில் சுற்றினால் உராய்வு பாரத்தை ஏற்றுக்கொள்ளும். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்குக் கையில் விழும் இழுப்பு ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். இரண்டு சுற்றில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. துறைமுகத்தில் கப்பலைக் கட்டுவதும் இதே வித்தைதான். ஆனால் தென்னையில் ஒரு சிக்கல் உண்டு. கயிற்றைத் தொங்கவிட மேலே கிளை கிடையாது. கப்பியை வெட்டுக்குக் கீழே கட்ட வேண்டியிருக்கும். துண்டு முதலில் ஒரு மீட்டர் விழும், அப்புறம்தான் கயிறு பிடிக்கும். அந்த நேரத்தில் கீழே நிற்பவர் பதறிப்போய்க் கயிற்றை இறுக்கினால் வெடுக்கென்று விழும் பாரம் முழுக்க அதே தண்டில் பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் ஆளை உலுக்கும். கயிறு வழுக்கி வழுக்கி நிற்க வேண்டும். இந்தப் பழக்கம் கைக்கு வர இரண்டு வருடமாவது ஆகிறது. ஏறுகிறவர் கிடைத்தாலும் நல்ல கயிற்றுக்காரர் கிடைப்பது அரிது.

"மரம்தான் செத்துப்போச்சே, கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்று கேட்பவர்கள் உண்டு. செத்த மரத்துக்கு நான் கூடுதலாகத்தான் கேட்பேன். சிவப்புக் கூன்வண்டு புகுந்த தென்னை வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாக இருக்கும், உள்ளே புழு தின்று கூடாகியிருக்கும். ஏறுவதற்கு முன் தண்டில் ஓட்டை இருக்கிறதா, பழுப்பு நிறத்தில் சாறு வடிந்த தடம் இருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்போம். காதை வைத்துக் கேட்டால் உள்ளே புழு கொறிக்கும் சத்தம்கூடக் கேட்கும். சந்தேகம் வந்தால் யாரையும் ஏற்றுவதில்லை. சாரம் கட்ட வேண்டும், அல்லது பக்கத்து மாடியிலிருந்து வேலை பார்க்க வேண்டும். அது இன்னொரு நாள் கூலி.

[திரையில்: கிளைகளுக்கிடையே மின்கம்பி.]

அடுத்து கம்பி. தெருவில் ஓடும் பெரிய லைன் 11,000 வோல்ட். பச்சை மரத்தில் ஈரம் இருக்கிறது, அது மின்சாரத்தைக் கடத்தும். கம்பியைத் தொடாத ஆளையும் கம்பியில் உரசும் கிளை கொன்றுவிடும். அதனால் ஈ.பி. அலுவலகத்தில் சொல்லி 'எல்.சி.' வாங்க வேண்டும். லைன் கிளியர், அதாவது அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்ற உறுதி. காலை ஒன்பதுக்குக் கொடுப்பார்கள் என்று ஆட்களை எட்டு மணிக்கே வரவைத்திருப்பேன். வேறெங்கோ ஒரு பழுது என்றால் லைன்மேன் அங்கே போய்விடுவார். பதினொன்றரைக்குக் கிடைக்கும், இரண்டு மணிக்குத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து பேர் மூன்றரை மணி நேரம் டீ குடித்த கணக்கை யாரிடம் கேட்பது? விலையில்தான் சேர்க்க வேண்டும்.

அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு முன்னால் தெருவில் நிற்கும் மரம் உங்களுடையது இல்லை. நிழல் உங்களுக்கு, குப்பையும் உங்களுக்கு, மரம் மட்டும் மாநகராட்சிக்கு. பொது இடத்து மரத்தை அகற்ற மாவட்டப் பசுமைக் குழுவரை போக வேண்டியிருக்கும். நீலகிரி, கொடைக்கானல் மாதிரி மலைப்பகுதி என்றால் சொந்த நிலமானாலும் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சந்தன மரம் என்றால் வனத்துறையைக் கேட்காமல் கிளையைக்கூடத் தொட மாட்டேன். "ஞாயித்துக்கிழமை வந்து வெட்டிட்டுப் போயிடுங்க, யாரும் பாக்க மாட்டாங்க" என்பவர்களுக்கு என் பதில்: பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார்.

[திரையில்: ஒரு வேப்ப மரக் கிளையின் அடி, அருகில் எடுத்த படம்.]

சரி, எல்லா வேலையும் வெட்டிச் சாய்ப்பது இல்லை. பாதி வேலை கவாத்துதான், அதாவது கிளை கழிப்பது. இதில் வரும் தலைவலி வேறு மாதிரி. "மழைக்கு முன்னாடி மொட்டை அடிச்சு விட்ருங்க" என்பார்கள். அடித்து விடுவது சுலபம். பார்க்கவும் நிறைய வேலை நடந்த மாதிரி இருக்கும், கொடுத்த காசுக்கு மனசும் ஆறும். ஆனால் என்ன நடக்கிறது? மொட்டையடித்த இடத்தில் பட்டைக்கு அடியிலிருந்து கொத்தாகத் துளிர் கிளம்பும். அந்தக் கிளைகளுக்கு ஆழமான பிடிப்பு கிடையாது, மேலாக ஒட்டிக்கொண்டு வளரும். இரண்டு மூன்று வருடத்தில் கனமாகிவிடும். அதற்குள் பழைய வெட்டு வழியாக உள்மரம் அழுக ஆரம்பித்திருக்கும். அடுத்த புயலில் முறிந்து காரின் மேல் விழுவது இந்தக் கிளைகள்தான்.

கிளையின் அடியில் மோதிரம் போட்ட மாதிரி கொஞ்சம் வீங்கியிருக்கிறதே, அதைக் கழுத்து என்போம். வெட்டு அந்தக் கழுத்துக்கு வெளியே விழ வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் கழுத்தும் போய்விடும், காயம் மூடாது. ரொம்பத் தள்ளி வெட்டினால் நீட்டிக்கொண்டு நிற்கும் குச்சி அழுகும். கனமான கிளையை ஒரே வெட்டில் எடுப்பதும் கூடாது. முதலில் கீழிருந்து ஒரு சின்ன வெட்டு, அப்புறம் சற்றுத் தள்ளி மேலிருந்து, கடைசியாக மிச்சக் கட்டையைக் கழுத்தோரம். இல்லையென்றால் விழுகிற கிளை தண்டின் பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு போகும்.

இதையெல்லாம் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் அலெக்ஸ் ஷைகோ. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்தவர், மிஷின் வாளால் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து உள்ளே பார்த்தவர். மனிதத் தோல் மாதிரி மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, கெட்ட பகுதியைச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு மேலே புதிய மரத்தை வளர்க்கிறது என்று 1970-களில் விளக்கினார். வெட்டிய இடத்தில் பெயின்ட் அடிப்பதால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அவர் காட்டியதுதான். இருந்தாலும் வாடிக்கையாளர் பெயின்ட் டப்பாவோடு வந்து நிற்பார். நான் வாதாடுவதில்லை. கிளை வெட்டில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் போன வேலைகள் உண்டு. அடுத்த தெரு ஆள் பாதி விலைக்கு மொட்டையடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

[திரையில்: குட்டி யானை வண்டி, மேலே தழை மலை.]

இப்போது இறங்கிய மரம். குட்டி யானையில் ஏறுவது முக்கால் டன். ஆனால் தழை எடைக்கு முன்னால் இடத்தை அடைத்துவிடும். ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் தழையும் குச்சியும் மட்டும் எத்தனை நடை வரும் என்று முதல் வருடம் நான் போட்ட கணக்கெல்லாம் தப்பு. வேம்பு, வாகை என்றால் ஆடு வைத்திருப்பவர்கள் ஓடிவந்து அள்ளிக்கொள்வார்கள். அன்று எங்களுக்கு லாபம். மீதியைக் கொட்ட இடம் தேட வேண்டும்.

"கட்டையை நீங்களே எடுத்துக்கிட்டுக் காசைக் குறைங்க" என்பது அடுத்த பேரம். தேக்கு என்றால் பேசலாம். முருங்கைக் கட்டையை யார் வாங்குவார்? தென்னந்தண்டுக்கும் அப்படி ஒன்றும் கிராக்கி இல்லை. நல்ல வேம்பாகவே இருந்தாலும் மரவாடிக்காரர் முதலில் கேட்பது, "வீட்டு மரமா?" என்றுதான். வீட்டு மரம் என்றால் உள்ளே ஆணி இருக்கும். கொடிக்கயிறு கட்ட அடித்தது, சீரியல் லைட் மாட்ட அடித்தது, இருபது வருடத்துக்கு முன் யாரோ போர்டு மாட்ட அடித்தது. மரம் அதை விழுங்கி மூடிவிடும். ரம்பம் பட்டால் பல் போய்விடும். எங்கள் செயினுக்கும் அதே கதிதான். நன்றாக அறுத்துக்கொண்டிருந்த மிஷின் திடீரென்று சீவலுக்குப் பதில் மாவாகத் தூள் கக்கினால் ஆணியில் பட்டுவிட்டது என்று அர்த்தம். நிறுத்து, அரத்தை எடு, பல் பல்லாகத் தீட்டு.

மிஷின் விஷயம் இன்னொன்று. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி (டூ ஸ்ட்ரோக் இன்ஜின்) ஆயில், அதாவது ஐம்பதுக்கு ஒன்று. இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் கலந்து வைத்ததை மாதக்கணக்கில் டேங்கிலேயே விட்டால் கார்புரேட்டர் மக்கர் செய்யும். வேலை முடிந்த நாளில் டேங்கை வடித்துவிடுவது எங்கள் பழக்கம்.

ஆட்கள். ஈ.எஸ்.ஐ. கட்டாயமாவது பத்துப் பேர் இருக்கும் இடத்தில்தான். நாங்கள் ஐந்து பேர். வங்கிக் கணக்கு மூலம் வருடம் 20 ரூபாய் கட்டும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் எல்லோரையும் சேர்த்திருக்கிறேன், 2 லட்சம் வரும். மரம் ஏறுகிறவரின் குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு? தனியாக எடுக்கப் போனால் தொழிலின் பெயரைக் கேட்டதும் பிரீமியம் ஏறுகிறது. ஹெல்மெட், பெல்ட் போட வைப்பதற்கே முதலில் சண்டை. செயின் பட்டால் நாரைக் கக்கி மிஷினை நிறுத்துகிற கால்கவசம் ஒன்று உண்டு, குளிர் தேசத்துக்குச் செய்தது. மே மாதச் சென்னையில் அதைப் போட்டு ஏறிப் பாருங்கள். கீழே நின்று அறுப்பவருக்கு மட்டும் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

வேலை வருவதிலும் ஒரு சீர் இல்லை. ஏப்ரலில் போன் அடிக்காது. ஐப்பசி மழை தொடங்கியதும் ஊரே கூப்பிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்துவிட்டுப் போன மறுநாள் எனக்கு நினைவிருக்கிறது. குல்மோகரும் இயல்வாகையும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அன்று எந்த விலை கேட்டாலும் கொடுத்திருப்பார்கள். ஆனால் விழுந்த மரம் நிற்கிற மரத்தைவிடப் பொல்லாதது. ஒரு கிளை வில் மாதிரி வளைந்து மதிலில் அழுத்திக் கிடக்கும், எந்தப் பக்கம் இழுவிசை, எந்தப் பக்கம் அழுத்தம் என்று பார்க்காமல் மிஷினை வைத்தால் முகத்தில் அடிக்கும். எங்கள் பையன் ஒருவன் அப்படித்தான் தோளெலும்பு முறிந்து மூன்று மாதம் உட்கார்ந்தான். அவசரப்படுத்தியது நான்.

[திரையில்: தரையோடு அறுத்த அடிக்கட்டை.]

கடைசியாக, சாயங்காலம் காசு வாங்கும்போது வரும் சண்டை. "என்னங்க, கட்டை அப்படியே இருக்கு?" வேரோடு எடுப்பது தனி வேலை, கடப்பாரையோடு இரண்டு பேருக்கு ஒரு நாள். இதை இப்போதெல்லாம் முதல் போனிலேயே சொல்லிவிடுகிறேன். தென்னை என்றால் கவலையில்லை, அதற்கு உச்சியில் ஒரே குருத்து, வெட்டினால் திரும்ப வராது. வேம்பும் புங்கனும் அப்படி இல்லை. ஆறு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். அறுத்த கட்டையைச் சுற்றி இடுப்புயரத்துக்குத் துளிர். கீழே ஒரே வரி: "போன தடவை நீங்க வெட்டினது. இதுக்கும் காசா?"