ஏற்காடு காபித் தோட்டம் காடா, இல்லையா?

(காட்சி: காபி எஸ்டேட். கேமரா கீழிருந்து மேலே நகர்கிறது.)

ஆளுயரத்துக்குக் காபிச் செடி. தலைக்கு மேலே சில்வர் ஓக். அதைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி. சேர்வராயன் மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்படி ஒரு தோட்டம் உண்டு. இது காடா?

டேராடூனில் இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் ஆமாம். ரோமில் இருக்கிற ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கில் இல்லை.

(காட்சி: உலக வரைபடம். சில நாடுகள் மட்டும் பழுப்பு நிறத்தில்.)

ஒரு நாட்டில் எவ்வளவு காடு என்பதே இந்தக் கணக்கைப் பொறுத்ததுதான். நிலப்பரப்பில் 10 சதவீதத்துக்கும் குறைவாகக் காடு இருந்தால் அதைக் 'காடு குறைந்த நாடு' என்பார்கள். இந்த நாடுகளின் பிரச்சினையைப் பேசவே 1999-இல் டெஹ்ரானில் ஒரு சர்வதேசக் கூட்டம் நடந்தது. எகிப்தில் ஒரு சதவீதம்கூடத் தேறாது, கத்தாரில் காடே இல்லை. இதிலெல்லாம் சண்டையில்லை. ஆனால் பரப்பில் மிகப் பெரிய கஜகஸ்தானைப் பாருங்கள்: வெறும் 1.3 சதவீதம். அந்த 1.3 சதவீதமே சுமார் 34,500 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் மொத்தக் காட்டைவிட அதிகம்!

சரி, காடு என்று எதை எண்ணுகிறார்கள்?

(காட்சி: ட்ரோன் பார்வை. பச்சைத் திட்டுகள்.)

உணவு வேளாண்மை அமைப்புக்கு அரை ஹெக்டேருக்கு மேல் நிலம் வேண்டும். நம்மூர்க் கணக்கில் ஒன்றேகால் ஏக்கர். மரம் 5 மீட்டருக்கு மேல் வளர வேண்டும். மரத் தலைகளின் நிழல் நிலத்தில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அதாவது ஒன்பது பங்கு வானம் தெரிந்தாலும் காடுதான். அப்புறம் முக்கியமான நிபந்தனை: அது விவசாய நிலமாக இருக்கக் கூடாது. அங்கேதான் நம் காபித் தோட்டம் அடிபடுகிறது.

இந்திய நிறுவனம் நிலம் யாருடையது, எதற்குப் பயன்படுகிறது என்று கேட்பதில்லை. ஒரு ஹெக்டேருக்கு மேல் இருந்து, 10 சதவீத நிழல் இருந்தால் போதும். செயற்கைக்கோள் படத்தில் பார்க்கிறார்கள். இலை உதிர்வதற்கு முன், மேகமும் விலகியிருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். மேலிருந்து பார்த்தால் சில்வர் ஓக்கின் தலை தெரியும், அடியில் இருக்கும் காபி தெரியாது. வாழப்பாடிப் பக்கத்துப் பாக்குத் தோப்பும் இந்த அளவு இருந்தால் கணக்கில் சேரும். இந்திய நிலப்பரப்பில் 21.76 சதவீதம் காடு என்று இந்த நிறுவனத்தின் 2023 அறிக்கை சொல்வது இப்படி வந்ததுதான்.

(காட்சி: களை எடுத்துச் சுத்தமாகக் கிடக்கும் தோட்டத் தரை.)

எனக்கு ரோம் சொல்வதில்தான் நியாயம் தெரிகிறது. இந்தத் தரையில் தானாக முளைக்கும் கன்றை யாரும் வளர விடுவதில்லை. ஆனால் அவர்களிடமும் ஒரு வேடிக்கை உண்டு. மரத்தை மொத்தமாக வெட்டிவிட்டு, மீண்டும் வளர்க்கப் போகிறோம் என்றால், வெறும் அடிக்கட்டை நிற்கும் நிலமும் காடுதான்! நிழலுக்குள் இருக்கும் காபித் தோட்டம் மட்டும் காடில்லை.

பருவநிலை மாற்றத்தைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட கியோட்டோ ஒப்பந்தத்தில் இன்னொரு கணக்கு இருந்தது. நிழல் 10 முதல் 30 சதவீதத்துக்குள் எவ்வளவு வேண்டும் என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். இந்தியா 15 சதவீதம், 2 மீட்டர் உயரம், 0.05 ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டது. சுமார் 12 சென்ட் நிலம்.