யாரோடு நடந்தீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாடு போய்த் திரும்பியவரிடம் “என்னென்ன பார்த்தீங்க?” என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். எனக்கு இப்போதெல்லாம் வேறொன்று கேட்கத் தோன்றுகிறது. யாரோடு நடந்தீர்கள்?

பிரான்சில் லியோன் என்றொரு நகரம். நண்பர் மூலம் அறிமுகமான ஊர்க்காரர் ஒருவர் ஒரு நாள் முழுவதையும் எனக்காக ஒதுக்கியிருந்தார். காலையில் குன்றின்மேல் இருக்கும் ஃபூர்வியேர் பேராலயம், பிறகு அருகிலுள்ள ரோமானியர் காலத்து அரங்கம். முந்தின இரவே படித்துத் தயாராகி வந்திருந்தார், பாவம். அவர் ஆண்டுகளைச் சொல்ல, நான் தலையாட்ட, மதியத்துக்குள் இருவருமே களைத்துவிட்டோம். மூன்று மணி வாக்கில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அம்மாவோட மூக்குக்கண்ணாடியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கேன். வாங்கிட்டு வந்துடறேன், நீங்க இங்கேயே உட்கார்ந்திருங்க.”

நானும் வருகிறேன் என்றேன்.

பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் கூரைக்கடியில் நிற்க, அவர் பத்தடி தள்ளிப் போய் நின்றார். வண்டி வந்ததும் கதவு சரியாக அவர் முன்னால் திறந்தது. இறங்கி நடந்து, ஒரு வீட்டுக் கதவைத் தள்ளினார். உள்ளே நீண்ட நடைவழி, முற்றம், படிக்கட்டு. மறுபக்கம் வெளியே வந்தால் வேறு தெரு. ‘திராபூல்’ என்கிறார்கள். பட்டு நெசவாளர்கள் சரக்கை மழையில் நனையாமல் கொண்டுபோன வழிகள் அவை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரை எதிர்த்துப் போராடியவர்களுக்கு அவையே மறைவழிகளாகவும் இருந்தன. இதெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கிறது. அவருக்கோ அது வெறும் குறுக்குவழி. முற்றத்தில் நின்றிருந்த ஒரு மூதாட்டி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அம்மாவின் உடல்நலத்தை விசாரித்தார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அன்றிலிருந்து ஊர்க்காரர் யாரைச் சந்தித்தாலும் “எதைப் பார்க்கலாம்?” என்று நான் கேட்பதில்லை. “இன்னிக்கு உங்களுக்கு என்ன வேலை? கூட வரலாமா?” என்றுதான் கேட்கிறேன்.

இந்த எண்ணம் புதிதல்ல. போர் முடிந்த சில ஆண்டுகளில், 1949-இல், டென்மார்க்கில் ‘செர்வாஸ்’ என்ற அமைப்பு தொடங்கியது. பகை மறக்க ஒருவர் வீட்டில் இன்னொருவர் தங்கினாலே போதும் என்று நம்பியவர்கள் அவர்கள். வழக்கமாக இரண்டு இரவுகள், பணம் கிடையாது, அந்த வீட்டின் அன்றாடத்தில் ஒருவராக இருக்க வேண்டும். நியூயார்க்கில் 1992-இல் லின் புரூக்ஸ் தொடங்கிய ‘பிக் ஆப்பிள் கிரீட்டர்’ அமைப்பிலும் தொண்டர்கள் தங்கள் பேட்டையைக் காசு வாங்காமல் நடந்தே காட்டினார்கள். பிறகு பல நாட்டு நகரங்களும் அந்த வழியில் இறங்கின.

ஆனால் ஒன்று. ஊர்க்காரர் காட்டுவது அவருடைய ஊரை மட்டும்தான். “அந்தப் பக்கம் போகாதீங்க” என்று அவர் சொல்லும்போது, அது உண்மையான ஆபத்தா, பரம்பரையாக வந்த வெறுப்பா என்று நமக்குத் தெரியாது. இன்னொரு குறையும் உண்டு. கடையில், பேருந்தில், எல்லா இடத்திலும் நமக்காக அவரே பேசிவிடுகிறார். அன்று மாலை யோசித்துப் பார்த்தேன். நாள் முழுக்க, பிரெஞ்சில் நன்றி என்று பொருள்படும் ஒரு ‘மெர்சி’கூட நான் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் விடுதியில் சந்தித்த இன்னொரு பயணியோடு கிளம்பினேன். இந்த விடுதிகளுக்கும் ஒரு கதை உண்டு. ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மானிய ஆசிரியர், மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயலில் சிக்கி, ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். அங்கே பிறந்த யோசனைதான் 1912-இல் ஆல்டெனா கோட்டையில் இளைஞர் விடுதியாக உருவெடுத்தது. எங்களுக்குப் புயல் இல்லை, வழிதான் தவறியது. பயணச்சீட்டு இயந்திரத்தின் முன் இருவரும் விழித்து நின்றபோது மூன்று பேர் உதவ வந்தார்கள். முந்தின நாள் என்னோடு ஒருவர்கூடப் பேசவில்லையே! வழி தெரிந்தவர் கூட இருக்கையில் யார் வந்து பேசுவார்கள்?

பயணிகளிடம் எனக்குள்ள குறை, இந்த ஊரில் நின்றுகொண்டு போன ஊரையும் போகப்போகிற ஊரையும் பேசுவது. இவர் அப்படியில்லை, நிமிர்ந்து பார்த்து நடப்பவர்.

கடைசி மாலை அந்த லியோன்காரர், பயணி, நான் என மூவரும் சேர்ந்து நடந்தோம். ஒரு பழைய கட்டடத்தில் சில ஜன்னல்கள் சுவர் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. “ஏன்?” என்று அந்தப் பயணி கேட்டார். அத்தெரு வழியே தினமும் போகிற லியோன்காரர் நின்றுவிட்டார். அவருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். முன்பு கதவுக்கும் ஜன்னலுக்கும் எண்ணி வரி போட்டார்களாம், அதற்காக அடைத்திருப்பார்கள் என்றார் அம்மா. 1798 முதல் 1926 வரை பிரான்சில் அப்படியொரு வரி உண்மையாகவே இருந்தது. அம்மா பேசிக்கொண்டே போனார், மகன் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஜன்னல்களுக்குக் கீழே மூவரும் இருட்டும்வரை நின்றிருந்தோம்.

வணக்கம்.